யாருடைய ஆயுசு?

2004இல் சித்தப்பாவைச் சிங்கப்பூரின் மண்டாயில் தகனம் செய்துவிட்டு ஈசூன் வீட்டுக்குத் திரும்பிய மாலை. சித்தி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருடைய ஆயுசையும் வாங்கிக்கொண்டு கிழவி மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது."

கூடத்தில் அப்பாயி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் பாதி இலையில் நின்றது. பிறகு மிச்சத்தையும் தடவி, பாக்கு வைத்து, ஒரு சிட்டிகைப் புகையிலையும் சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அப்போது 86 வயது. அதுவும் அடையாள அட்டைக் கணக்கு. கண் கொஞ்சம் மங்கியிருந்தது. காது மட்டும் பாம்புக் காது. மின்தூக்கியிலிருந்து இறங்கி வருகிறவர் யார் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார், கடைசிவரை.

அன்றிரவு டாக்சியில் அங் மோ கியோ வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. புளோக்கின் கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவள் சொன்னதில் என்ன தப்பு? கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது" என்றார்.

கணக்கு இதுதான். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1955இல் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. வயது 45. என் அப்பா 1993இல், 52 வயதில், கோப்பிக்கடையில் காசு கொடுக்க நின்ற இடத்தில் சாய்ந்தார். சித்தப்பா 56இல், தூக்கத்தில். அப்பாயி இவர்கள் எல்லாரையும் அனுப்பிவைத்துவிட்டு 2012வரை இருந்தார். 94 வயது.

நம் பேச்சில் ஆயுசு என்பது ஏதோ கைமாறும் பொருள் போலத்தான் புழங்குகிறது. அது கெட்டியாக இருக்கும், தேயும், கூடும். பேச்சில் பெயர் அடிபடும்போதே ஆள் வந்து நின்றுவிட்டால் 'உனக்கு ஆயுசு நூறு' என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தன் ஆயுசில் பாதியை எடுத்துக்கொள் என்று முருகனிடம் பேரம் பேசுகிறாள். கொடுக்க முடியும் என்றால் பிடுங்கவும் முடியும்தானே? சித்தி கோபத்தில் சொன்னார் என்றாலும், அவர் சொன்னதற்குப் பின்னால் ஊர் முழுக்க நம்பும் ஒரு கணக்குமுறை இருந்தது. அப்பாயியும் அதை நம்பினார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

*

நான் 27 ஆண்டுகளாகக் காப்புறுதி முகவர். ஆயுசை வைத்துப் பிழைப்பவன். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வரும்: தந்தை உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எதனால் இறந்தார்? தாய்? உடன்பிறந்தவர்கள்? மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்திலிருந்து காப்புறுதிக்காரர்கள் கேட்டுவரும் கேள்வி இது. இரத்தம் எடுக்காமல் செய்யும் மரபணுச் சோதனை என்றே சொல்லலாம்.

இந்தக் கட்டத்தை நிரப்பும்போது நம்மவர்கள் எப்படி மழுப்புவார்கள் என்று எனக்கு மனப்பாடம். 58 வயதில் இறந்தவருக்கு 'வயதாகிவிட்டது' என்பார்கள். 49இல் இறந்தவருக்கு 'வேலைப் பளு, கவலை'. தேக்கா சந்தையில் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னது: 'ஒன்றுமில்லை தம்பி, திடீரென்று நெஞ்சு நின்றுவிட்டது.' நெஞ்சு நிற்பது ஒன்றுமில்லாத காரியம்!

அடுத்தவர் படிவத்தில் இத்தனை கறாராக இருந்தவன், என் விஷயத்தில் என்ன செய்தேன்? எனக்கு அப்பாயியின் முகவெட்டு. அதே தாடை, அதே நீண்ட காது மடல், ஐம்பதுக்குப் பிறகும் நரைக்காத முடி. 'அப்படியே அப்பாயியை உரித்து வைத்திருக்கிறான்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஆகவே ஆயுசும் அவருடையதுதான் என்று முடிவுகட்டியிருந்தேன். 41 வயதில் பலதுறை மருந்தகத்தில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டேன். பிறகு யாரோ ஈரல் கெட்டுவிடும் என்றார்கள், நிறுத்திவிட்டேன். யாரோ சொன்னார் என்பது சாக்கு. அப்பாயி புகையிலை மென்றுகொண்டு 94வரை இருந்தாரே, எனக்கென்ன என்ற திமிர்தான் காரணம்.

சென்ற ஆண்டு, 55 வயதில், மறுபடி இரத்தம் கொடுத்தேன். கெட்ட கொழுப்பு 6.3 மில்லிமோல். மருத்துவர் இளம் பெண். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார். நான் தொழில் பழக்கத்தில், படிவம் நிரப்புவதுபோல ஒப்பித்தேன்: தாத்தா 45, அப்பா 52, சித்தப்பா 56. அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே அந்த மூன்று எண்களும் ஒரே வரிசையில் கேட்டன.

குடும்பவழி மிகைக் கொழுப்பு நோய்க்கான மரபணுச் சோதனையைச் சுகாதார அமைச்சு 2025 ஜூன் 30இல் நாடளாவிய திட்டமாகத் தொடங்கியிருந்தது. கெட்ட கொழுப்பு 5.5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களை அதற்கு அனுப்புகிறார்கள். என்னையும் அனுப்பினார்கள்.

சில வாரங்களில் முடிவு வந்தது. 19ஆவது குரோமோசோமில், கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் ஏற்பியைச் செய்வதற்கான மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சுமார் 300 கோடி எழுத்துகளில் ஒன்று.

மரபணு ஆலோசகர் படம் வரைந்து காட்டினார். ஈரல் செல்களின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கைகள் போல ஏற்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்புத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. என்னிடம் ஒரு பிரதி பழுது. ஆகவே கைகளில் ஏறத்தாழப் பாதி வேலை செய்வதில்லை. பிறந்த நாள் முதல் கொழுப்பு இரத்தக் குழாயில் படிந்துகொண்டே இருக்கிறது. நல்லெண்ணெயும் இதற்குக் காரணமில்லை, ஆட்டிறைச்சியும் காரணமில்லை. அவை கூட்டலாம், தொடங்கிவைப்பதில்லை. உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அரிய நோய் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கை எடுத்துக்கொண்டால் உங்கள் மின்தூக்கியில் ஏறி இறங்குகிற யாராவது ஒருவர்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இது யார் கொடுத்தது?

அப்பாவின் கொழுப்பு அளவு எங்கேயும் இல்லை. தாத்தா காலத்தில் அப்படியொரு சோதனையே இல்லை. ஆனால் அப்பாயியுடையது இருந்தது. 2009இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்புக்காக மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள், அவருடைய பழைய கோங் குவான் பிஸ்கட் டின்னில், தாத்தாவின் வேலை அட்டைக்குக் கீழே, நான்காக மடித்துக் கிடந்தது. அந்த மாதம் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். ஆனால் தேடினேன். கெட்ட கொழுப்பு 2.7. வாழ்நாளில் கொழுப்புக்கு ஒரு மாத்திரைகூட விழுங்காத 91 வயதுக் கிழவிக்கு 2.7.

அம்மா பக்கத்தில் இளவயதில் யாரும் போனதில்லை. அம்மாவுக்கே இப்போது 79, கொழுப்பு ஒழுங்காக இருக்கிறது. ஆகவே பழுது வந்த வழி தாத்தா, அப்பா, நான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிவிடுவதுபோல. தாத்தாவின் இரண்டு மகன்களுக்குமே பூ விழ வேண்டிய இடத்தில் தலை விழுந்திருக்கிறது. அப்பாயியின் முகவெட்டைக் கொடுத்த எழுத்துகள் வேறு, ஏற்பியைச் செய்யும் எழுத்துகள் வேறு. அவை ஒன்றையொன்று பார்த்ததுகூடக் கிடையாது.

*

இதற்குப் பிறகு ஆயுளும் மரபணுவும் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. நீண்ட ஆயுளைத் தரும் மரபணுவைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். குறுகிய ஆயுளைத் தரும் மரபணுக்களைத் தேடிப் போனவர்கள்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

முதலில், ஆயுளில் மரபணுவின் பங்கு எவ்வளவு? டென்மார்க்கில் 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளை வைத்து 1996இல் வெளியான ஆய்வு, ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் என்றது. இதை என் தொழிலில் இருப்பவர்களே தப்பாகப் படிக்கிறார்கள். 80 வயதில் 20 ஆண்டு மரபணு தந்தது, மிச்சம் 60 நாம் சம்பாதித்தது என்று பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஆயுளில் இருக்கும் வேறுபாட்டில் எத்தனை பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதே அந்த எண். தனி ஆளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

2018இல் இன்னொரு ஆய்வு வந்தது. குடும்ப மரங்களைப் பதிந்துவைக்கும் ஓர் இணையதளத்திலிருந்து 40 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பிறப்பு இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு வினோதம்: இரத்த சம்பந்தமே இல்லாத சம்பந்திகள், மைத்துனர்கள், நாத்தனார்கள் ஆகியோரின் ஆயுள்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போனது. ஏனென்றால் மனிதர்கள் தங்களைப் போன்றவர்களையே மணக்கிறார்கள். வசதி, படிப்பு, பழக்கவழக்கம், சாப்பாடு எல்லாவற்றிலும். இதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மரபணுவின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்கப் போகும் நம் பாட்டிமார்கள் 'ஆயுசுள்ள குடும்பமா' என்று விசாரிப்பது எதற்கு? அவர்கள் விசாரித்து விசாரித்து ஆயுசுள்ள குடும்பத்தை ஆயுசுள்ள குடும்பத்தோடு கட்டிவைத்ததைத்தான் விஞ்ஞானிகள் இத்தனை காலம் மரபணு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அண்மையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கணக்கை மறுபடி திருப்பியிருக்கிறார்கள். விபத்து, தொற்றுநோய் போன்ற வெளிக்காரணங்களால் போனவர்களைக் கழித்துவிட்டு, உடம்பு தானாகத் தேய்ந்து இறந்தவர்களை மட்டும் பார்த்தால் மரபணுவின் பங்கு சுமார் 50 சதவீதம் என்கிறார்கள். ஒன்று 10, மற்றொன்று 50. இரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. காலராவும் பட்டினியும் ஆளை எடுக்கும் ஊரில் யாருக்கு எந்த மரபணு என்று யார் பார்ப்பார்? அப்பாயி ஊரில் இரண்டு குழந்தைகளைப் பேதியில் பறிகொடுத்துவிட்டு 1947இல் என் அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறியவர். அந்தக் குழந்தைகளுக்கு அவருடைய நல்ல மரபணுக்கள் பாதி போயிருக்கும். என்ன பயன்? சிங்கப்பூரில் 1960இல் சராசரி ஆயுள் சுமார் 65. இப்போது 83ஐத் தாண்டிவிட்டது. இடையில் எவருடைய மரபணுவும் மாறவில்லை. குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, காசநோய் மருந்து, சாக்கடை இல்லாத வீடு, இவை மாறின. எல்லாருக்கும் இவை கிடைத்த பிறகு மிஞ்சி நிற்கும் வேறுபாட்டில்தான் மரபணு தலை நீட்டுகிறது.

சரி, 94, 100 என்று போகிறவர்கள்? அங்கே மரபணுவின் கை ஓங்கித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நூறைத் தொட்டவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய சகோதரர்கள் நூறைத் தொடும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட 17 மடங்கு, சகோதரிகளுக்கு 8 மடங்கு என்று கண்டார்கள். 95ஐத் தாண்டிய 477 அஷ்கெனாசி யூதர்களிடம் ஆய்வாளர் நிர் பார்சிலாய் குழுவினர் பழக்கவழக்கங்களை விசாரித்து 2011இல் எழுதினார்கள். எடை, புகை, குடி, உடற்பயிற்சி எதிலும் அவர்கள் தம் தலைமுறையின் சாதாரண மக்களைவிட ஒழுங்கானவர்களாக இல்லை. என் அப்பாயியின் புகையிலைச் சுருக்குப்பை நினைவுக்கு வந்தது. மனித ஆயுளில் உச்சம் தொட்ட பிரான்சின் ஜான் கல்மான் 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்து 1997இல் இறந்தார். சிகரெட்டை விட்டது 117 வயது வாக்கில்தான்.

ஆனால் எந்த மரபணு என்று கேட்டால் விடை மெலிகிறது. ஊர் ஊராக, இனம் இனமாகச் சோதித்தும் திரும்பத் திரும்ப நிற்பவை இரண்டுதான். ஒன்று, ஏபிஓஇ. இதுவும் என் பழுது இருக்கும் அதே 19ஆவது குரோமோசோமில்தான் குடியிருக்கிறது. இதில் மூன்று வகை. 2, 3, 4 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் வித்தியாசம் 299 அமினோ அமிலங்களில் இரண்டே இடங்களில்தான். 4ஆம் வகை அல்சைமர் மறதிநோயையும் இதய நோயையும் கூட்டுகிறது. பிரான்சின் நூறு வயதுக்காரர்களில் 4ஆம் வகை குறைவாகவும் 2ஆம் வகை அதிகமாகவும் இருப்பதை 1994இலேயே கண்டார்கள். மற்றொன்று ஃபாக்ஸோ-3. சிந்தியா கென்யன் 1993இல் ஒரு நுண்புழுவின் ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்து அதன் ஆயுளை இரட்டிப்பாக்கினார். அந்த மாற்றம் வேலை செய்வதற்குத் தேவையான இன்னொரு மரபணுவின் மனிதப் பங்காளிதான் ஃபாக்ஸோ. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களில் 95ஐத் தாண்டியவர்களிடம் இதன் ஒரு வகை கூடுதலாக இருப்பதை 2008இல் அறிவித்தார்கள். புழுவுக்கு ஆயுள் இரட்டிப்பானதே என்று நமக்கும் எதிர்பார்க்க வேண்டாம். மனிதரில் அது வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது, அவ்வளவுதான்.

கவனித்தால், ஏபிஓஇ கதையிலும் நீண்ட ஆயுள் என்பது கெட்ட வகை இல்லாமலிருப்பதில்தான் பெரும்பங்கு. அப்பாயியிடம் அமுதசுரபி எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. குழிகள் இல்லாத சாலையில் நடந்தார் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அவருடைய எழுத்துகளை யாரும் படித்துப் பார்க்கவில்லை, இனி முடியாது.

ஓர் இடைச்செருகல். அப்பாயியின் அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த நாள்; அதிகாரி கேட்டார், இவர்கள் ஏதோ சொன்னார்கள். அவர் தன் வயதுக்கு வைத்திருந்த ஒரே சாட்சி, 'பெரிய புயல் வந்த வருஷம் எனக்குப் பால் பல் விழுந்தது' என்பது. எந்தப் புயல்? சால் நியூமன் என்ற ஆய்வாளர், உலகின் மிக மூத்தவர்கள் அதிகமாக இருப்பதாகச் சொல்லப்படும் இடங்கள் பலவும் பிறப்புப் பதிவேடு சரியில்லாத இடங்களே என்று காட்டி 2024இல் இக்நோபெல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுப்பது) வாங்கினார். எங்கள் வீட்டு 94 இரண்டு மூன்று ஆண்டு முன்பின் ஆகலாம். பிள்ளைகளின் 52உம் 56உம் மட்டும் பிசகாதவை. இறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

*

கெட்ட எழுத்துகள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கழியாமல் நிற்கின்றன? உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952இல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வந்து அடிக்கும் நோயை இயற்கை கண்டுகொள்வதில்லை. தாத்தா 45இல் விழுந்தார். அதற்குள் அப்பாவுக்கு 14 வயது. எழுத்து கைமாறிப் பதினான்கு ஆண்டு.

நம்மவர்களுக்கு இதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 2009இல் வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன வகை, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருக்கிறது. வேறு கண்டத்தாரிடம் தேடினால் ஏறக்குறையக் கிடைக்காது. நடுவயதுக்கு மேல் இதயம் பலவீனமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது. பிறகு வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் தணித்திருக்கின்றன: சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள், அதோடு இன்னொரு பிழையும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினருக்கே ஆபத்து அதிகம். நூறில் நான்கு பேர். ஒரு தைப்பூசக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் ஐரோப்பியர்களை மட்டும் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. நெடுங்காலம் அதுதான் நடந்துகொண்டிருந்தது. 2019இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில் 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். அதில் 1,127 பேர் இந்தியர்கள். பிறகு ஒரு லட்சம் பேரை இலக்காக வைத்து அடுத்த கட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தத் தீவில் இந்தியர்களுக்கு நீரிழிவும் மாரடைப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பதை எங்கள் அலுவலகத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் எவ்வளவு எழுத்து, எவ்வளவு புரோட்டா என்று பிரித்துச் சொல்ல இப்படிப்பட்ட கணக்கு வேண்டும்.

*

முடிவு வந்ததும் ஆலோசகர் ஒரு பட்டியல் கேட்டார். பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், அப்பாவின் உடன்பிறந்தார் வழி வந்தவர்கள். எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு இருக்கிறது, மகனுக்கு இல்லை. மகள் 24 வயதுக்காரி. "உங்களிடமிருந்து எனக்குக் காது மடல் மட்டும் வந்திருக்கலாம்" என்றாள். மாத்திரை தொடங்கிவிட்டாள். 24 வயதில் தொடங்குவதற்கும் என்னைப் போல 55இல் தொடங்குவதற்கும் முப்பது ஆண்டுக் கொழுப்பு வித்தியாசம்.

மிஞ்சியது சித்தியின் வீடு. சித்தப்பா மகன் 38, மகள் 31.

அழைத்தேன். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, தங்கச்சிக்குப் பொங்கோலில் ஒரு வரன் கூடி வருகிறது. இப்போது போய் இரத்தத்தில் குறை, பரம்பரை நோய் என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? நிச்சயதார்த்தம் முடியட்டுமே." பிறகு குரலைத் தணித்து, "காப்புறுதியும் கிடைக்காமல் போய்விடுமாமே?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மரபணுச் சோதனை செய்துகொள் என்று காப்புறுதி நிறுவனம் யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று 2021இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் உடன்பாடு செய்திருக்கின்றன. ஆனால் தொழில் தெரிந்தவனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கொழுப்பு அளவைப் படிவம் கேட்கும், அப்பா போன வயதைப் படிவம் கேட்கும். மரபணுவை மூடி வைத்தாலும் 56 என்ற எண்ணை மூட முடியாது. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானே அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியும், அதையேதான்.

ஆகவே சித்தியிடம் வாதாடவில்லை. தம்பியை நேராக அழைத்தேன். அவன் மறுவாரமே போனான். இருக்கிறது. கெட்ட கொழுப்பு 5.9, வெளியே எந்த அறிகுறியும் இல்லை, ஞாயிறுதோறும் காற்பந்து ஆடுகிறவன். தங்கை யாரிடமும் சொல்லாமல் தானாகப் போய்ச் சோதித்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தாள். மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவர், தன் குடும்பத்திலும் யாராவது சோதித்தால் நல்லது என்றாராம்.

போன மாதம் சித்தி ஈசூனுக்கு வரச் சொன்னார். தரையில் தமிழ் முரசை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். 67 வயதாகிவிட்டது, கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்று முனகிக்கொண்டே கீழேதான் உட்காருவார். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். தம்பியின் மாத்திரை பற்றிக் கேட்டார். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா, வாழ்நாள் முழுக்கவா, ஈரல் கெடாதா? கெடாது, அவ்வப்போது சோதித்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"இது யார் வழியில் வந்தது, தம்பி?"

செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் வரைந்து காட்டினேன். மேலே இரண்டு வட்டம், தாத்தா, அப்பாயி. கீழே இரண்டு, அப்பா, சித்தப்பா. தாத்தாவை நிழலிட்டேன். பிறகு கீழே இருந்த இரண்டையும்.

சித்தி அப்பாயியின் வட்டத்தின்மேல் விரல் வைத்தார். கீரைச் சாறு ஒட்டிய பச்சை விரல். "இவருக்கு?"

"இல்லை, சித்தி. அவருடைய இரத்தத் தாள் என்னிடம் இருக்கிறது. சுத்தம்."

கொஞ்ச நேரம் கீரை உருவும் சத்தம் மட்டும் கேட்டது. காம்புகளைத் தனியே ஒதுக்கி, இலைகளைக் கூடையில் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அன்றைக்கு, உன் சித்தப்பா காரியத்தன்று, நான் ஒன்று சொன்னேனே. அது அவர் காதில் விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்காது, சித்தி," என்றேன். "அப்போதே அவருக்குக் காது மந்தம்."